நிலத்தை விற்காதீங்க, அண்ணாச்சி!

வெளிநாட்டில் அறிவியல் பிஎச்.டி. படிப்பது பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் நாலு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் கட்டி, பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். பாதிக்கு மேல் பணத்தைப் பற்றி. மிச்சத்தில் பாதி கல்யாணத்தைப் பற்றி. வேதியியலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கரிம வேதியியல் படிக்கப் போனேன். 1997இல் முடித்தேன். திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்தினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே லேப்களில் இருக்கிறார்கள். என் அனுபவம் பழையது, நிலவரம் அவர்கள் சொல்வது. சரி, பையைப் பிரிக்கிறேன்.

*

"என் மகன் எம்.எஸ்ஸி. தாவரவியல் முடிக்கப் போறான். அமெரிக்காவில் பிஎச்.டி. பண்ண ஆசைப்படுறான். ஒரு கன்சல்டன்சியில் விசாரிச்சதுக்கு நாற்பது லட்சம் ஆகும், பேங்க் லோன் நாங்களே வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. கன்னடியன் கால் பாசனத்துல இரண்டு ஏக்கர் வயல் இருக்கு. வித்திரலாமா?"
- ஒரு தகப்பனார், வீரவநல்லூர்

நிலத்தை விற்காதீங்க, அண்ணாச்சி. லோனும் வாங்காதீங்க.

அவர்கள் சொன்ன கணக்கு, நம்ம எம்.எஸ்ஸி. மாதிரி அங்கே இருக்கிற எம்.எஸ். படிப்புக்கு உள்ளது. அதற்குப் பிள்ளைதான் ஃபீஸ் கட்ட வேண்டும். அறிவியல் பிஎச்.டி.யில் காசு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அமெரிக்காவில் டிபார்ட்மெண்ட் ஒரு மாணவனை எடுத்தால் பொதுவாக டியூஷன் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் ஸ்டைபெண்டும் கொடுக்கும். பதிலுக்கு அவன் பி.எஸ். (நம்ம பி.எஸ்ஸி. மாதிரி) மாணவர்களுக்கு லேப் நடத்துவான், விடைத்தாள் திருத்துவான், இதை டி.ஏ. என்பார்கள். அல்லது கைடின் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை செய்வான், அது ஆர்.ஏ. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கம் போனால் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமே போட்டுச் சம்பளம் தருவார்கள், வரியும் பிடிப்பார்கள். சீட்டு உண்டு, காசு இல்லை என்று ஒரு கடிதம் வந்தால், "வேண்டாம்" என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு பேங்கில் லட்சக்கணக்கில் இருப்பு காட்ட வேண்டுமே என்று அடுத்து கேட்பீர்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்ற தாளிலேயே அவர்கள் கொடுக்கப்போகும் தொகை அச்சாகியிருக்கும். அது செலவு முழுவதையும் ஈடுகட்டினால் உங்கள் பாஸ்புக் தேவையில்லை.

அதற்காகச் செலவே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு விண்ணப்பத்துக்குப் பொதுவாக 75 முதல் 100 டாலர் வரை ஆகும். எட்டு இடத்துக்குப் போட்டாலே அது ஒரு தொகை. (சில இடங்களில் கஷ்டத்தைச் சொல்லி மெயில் போட்டால் தள்ளுபடி செய்வார்கள். பையன் கூச்சப்படாமல் கேட்கட்டும்.) ஆங்கிலத் தேர்வுக்குத் தனி. அமெரிக்க மாணவர் விசாவுக்கு 185 டாலர், செவிஸ் என்று மாணவர் பதிவுக்கு இன்னொரு கட்டணம் 350 டாலர். அப்புறம் விமான டிக்கெட். முதல் ஸ்டைபெண்டு பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் கையில் வரும் என்பதால், அதுவரை வீட்டு வாடகை, அட்வான்ஸ், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் டாலர். நான் கூட்டிப் பார்த்த வரைக்கும் எல்லாம் சேர்த்து மூன்று நாலு லட்சத்துக்குள் அடங்கும். அதுவும் சின்னத் தொகை இல்லைதான், ஆனால் அதற்கு வயலை விற்க வேண்டாம்.

1991இல் எங்கள் அப்பா என் டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டபோது டாலர் 21 ரூபாய். ஜூலை முதல் வாரத்தில் அரசாங்கம் இரண்டு தடவை ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரே வாரத்தில் டாலர் 25ஐத் தாண்டிவிட்டது. மிச்சப் பணத்துக்கு அப்பா எங்கள் தெரு அப்பளக்கார ஆச்சியிடம் போய் நின்றார். ஆச்சி வட்டி வாங்கவில்லை. பதிலாக, "அங்க போயி அப்பளம் விக்கிறானா பாரு"ன்னு கேட்டுவிட்டாள். பார்த்தேன். விற்கிறான், ஆனால் நம்ம ஊர் அப்பளம் இல்லை.

காலக்கணக்கு உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஆகஸ்டில் படிப்பு தொடங்குகிறது என்றால், முந்தின வருஷம் ஜூன், ஜூலையில் கார் நெல் நடவு நடக்கும்போது எந்தெந்த இடம் என்று பையன் லிஸ்ட் போட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் கார் அறுப்பு முடியும்போது மார்க் விவரங்களுக்கு அபிஷேகப்பட்டியில் யுனிவர்சிட்டி ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கார்த்திகையில், அதாவது டிசம்பர் 1 முதல் 15க்குள், விண்ணப்பம் போக வேண்டும். நீங்கள் பிசான நெல் அறுக்கிற நேரத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், பதில் வரும். வந்த சீட்டுக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அநேக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நேரம் தரும். அதற்கு முன்னால் யாராவது அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம்.

*

"எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. மார்க் 74 சதவீதம். எங்கள் காலேஜ் பெயர் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. எனக்கெல்லாம் கிடைக்குமா, மேடம்?"
- ஒரு மாணவி, திருநெல்வேலி டவுன்

தெரியாதுதான், பிள்ளே. என் காலேஜும் அவர்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அந்தச் சேதி ஆக்ஸ்போர்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து விண்ணப்பம் வந்தால் அவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பெண் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏதாவது ஒன்றைத் தானே செய்து பார்த்திருக்கிறாளா? அதற்கு நீ சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியதில்லை. கிருஷ்ணாபுரத்தில், சிற்பத்துக்குப் பேர்போன கோயில் இருக்கிற அதே ஊரில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஏன் அங்கே என்று யோசித்திருக்கிறாயா? பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்குக் கோடிப் பக்கமாகப் போகிறது. அதன் மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதன் பலத்தைக் கணக்கிட, திருநெல்வேலியில் அளந்த காந்தப்புலத்திலிருந்து மும்பை அருகே அலிபாகில் அளந்ததைக் கழிப்பார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "திருநெல்வேலி கழித்தல் அலிபாக்" என்று நம்ம ஊர்ப் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. டவுனில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்கலாமா? புராஜெக்ட் செய்ய இடம் உண்டா என்று போய்க் கேள். இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து கொடுக்கும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கும் வருஷா வருஷம் விண்ணப்பம் போடு. இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்தால் போதும், உன் விண்ணப்பமே வேறு மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது ரெக்கமண்டேஷன் லெட்டர். மூன்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் சறுக்குவது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நாங்கள் எழுதுவது எப்படி இருக்கும் தெரியுமா? "இவர் நல்லொழுக்கமும் பணிவும் உள்ள மாணவி. வருகைப் பதிவு திருப்திகரம். என்.எஸ்.எஸ். முகாமில் கலந்துகொண்டார்." மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதுகிற கடிதம் இது. பணிவு இருந்தால் லேப் நடக்காது என்று நினைக்கிற ஊருக்கு இதை அனுப்புகிறோம். இன்னும் மோசம், "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பது. மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதியதென்று படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்றால், உன் சாருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு. கடிதமாக இல்லை, நினைவுக்குறிப்பாக. எந்தப் பருவத்தில் அவர் எந்தப் பேப்பர் எடுத்தார், நீ என்ன சந்தேகம் கேட்டாய், லேபில் எந்தக் கருவி கெட்டுப்போனபோது நீ என்ன செய்தாய், புராஜெக்டில் எந்த வரைபடம் எதிர்பார்த்தபடி வராமல் ஏன் என்று தேடினாய். இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறவருக்கு உன் முகம் நினைவிருக்கும், இந்த விவரங்கள் இருக்காது. எடுத்துக் கொடுத்தால் நன்றாகவே எழுதுவார். கடிதத்தைக் கல்லூரி மின்னஞ்சலில் இருந்து ஏற்றச் சொல். சொந்த ஜிமெயிலில் இருந்து வந்தால் அங்கே புருவத்தைத் தூக்குவார்கள்.

74 சதவீதம் பிரச்சினை இல்லை. ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு மார்க்கைக் கேட்பதைப் பல டிபார்ட்மெண்டுகள் விட்டுவிட்டன. ஒவ்வொரு இடத்திலும் பார்த்துக்கொள்.

*

"இருநூறு பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். மூன்று பேர்தான் பதில் போட்டார்கள், அதிலும் இரண்டு ஆட்டோமேட்டிக் பதில்."
- ஒரு வாசகர், களக்காடு

இருநூறு பேருக்கும் ஒரே மெயில்தானே? "மரியாதைக்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்" என்று ஆரம்பித்திருப்பீர்கள். அது ரேஷன் கார்டுக்கு மனுப் போடுகிற நடை. பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாக எழுதிய கட்டுரை ஒன்றைப் படியுங்கள், புரியாத இடத்தோடு சேர்த்து. மெயிலின் முதல் வரியிலேயே அந்தக் கட்டுரையில் உங்களை நிறுத்திய இடம் எது என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில் நீங்கள் செய்தது. மூன்றாவதில், வருகிற வருஷம் மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி. முடிந்தது. உங்கள் தாத்தா சுதந்திரப் போராட்ட வீரர் என்பது வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்காவில் பல டிபார்ட்மெண்டுகளில் சீட்டை ஒரு கமிட்டிதான் முடிவு செய்கிறது. பேராசிரியர் பதில் போடாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் அந்தப் பேராசிரியர் அறிவிக்கும் பதவிக்குத்தான் போட வேண்டும், எம்.எஸ்ஸி. முடித்திருக்கவும் வேண்டும். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பள்ளிகளில் பொது விண்ணப்பம் உண்டு, ஆங்கிலத்திலேயே படிக்கலாம்.

*

"பெயர் போட வேண்டாம், அக்கா. அமெரிக்காவில் பிஎச்.டி. மூன்றாம் வருஷம். கைடு ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வரச் சொல்கிறார். எல்லார் முன்னாலும் கத்துகிறார். 'உன் விசா என் கையில் இருக்கு' என்று ஒருநாள் சொன்னார். தூக்கம் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்துவிடலாமா?"
- மேலப்பாளையத்துக்காரன்

தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முதலில் அந்த விசா விஷயம். அது பொய். உன் ஐ-20ஐக் கொடுத்தது பல்கலைக்கழகம், உன் கைடு இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. நீ முழுநேர மாணவனாகப் பதிவில் இருந்து, படிப்பு நகர்கிற வரைக்கும் உன் விசா நிலை ஒரு பேராசிரியரின் கோபத்தால் போகாது. அவர் கையில் இருப்பது உன் ஆர்.ஏ. சம்பளம். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இரண்டையும் ஒன்று என்று உன்னை நம்பவைத்ததில்தான் அவர் பலம் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஒரு மூலக்கூறைத் தயாரிக்கிற வேலையில் இருந்தேன். மொத்தம் பத்தொன்பது படி. இரண்டரை வருஷத்தில் பதினாலாவது படிக்கு வந்து அங்கேயே நின்றேன். செய்த மூலக்கூறு சரியா என்று காட்டுகிற என்.எம்.ஆர். கருவியில் எனக்குக் கிடைத்த நேரம் ராத்திரி இரண்டு மணி. ஒவ்வொரு ராத்திரியும் போய்ப் பார்ப்பேன், ஒவ்வொரு ராத்திரியும் தப்பான இடத்தில் கோடு விழுந்திருக்கும். ஜனவரி மாதம், வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. கைடு எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். வேறு மாநிலத்தில் பெரிய இடம் கிடைத்திருக்கிறது, ஜூனில் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்றார். ஐந்து நிமிஷப் பேச்சு. அங்கே போனால் தகுதித் தேர்வு மறுபடி எழுத வேண்டும். இங்கேயே இருந்தால் கைடு இல்லை, காசு இல்லை.

அப்போதெல்லாம் வீட்டுக்கு மாதம் ஒரு போன்தான், எட்டு நிமிஷம். அப்பா அடுத்த வீட்டில் வந்து காத்திருப்பார். அந்த மாதம் எட்டு நிமிஷமும் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது, யார் வீட்டில் கல்யாணம் என்றே பேசினேன். போனை வைத்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீயும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய்.

அப்புறம் ஒரு மாதம் டிபார்ட்மெண்டில் கதவு கதவாகத் தட்டினேன். ஓய்வு பெற நாலு வருஷம் இருந்த ஒரு பேராசிரியர் எடுத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, பழைய மூலக்கூறை மறந்துவிட வேண்டும். இரண்டரை வருஷ வேலை. ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றேன். அடுத்த செமஸ்டர் டி.ஏ. வேலையில் ஓட்டினேன். மொத்தம் ஆறு வருஷத்தில் முடித்தேன். எனக்குத் தெரிந்து அந்த மூலக்கூறு இன்னும் பதினாலாவது படியிலேயே நிற்கிறது.

உனக்கு இப்போது செய்யச் சொல்வது: அந்தத் திட்டுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவை. டிபார்ட்மெண்டில் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பொறுப்பான ஒரு பேராசிரியர் இருப்பார். அவரிடம் "லேப் மாற வேண்டும், எந்த லேபில் இடமும் டி.ஏ.வும் கிடைக்கும்" என்று நேராகக் கேள். புகாராக ஆரம்பிக்காதே, தேவையாக ஆரம்பி. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் குறையைத் தனியாக, ரகசியமாகக் கேட்கும் அலுவலகமும் உண்டு. தூக்கம் இல்லை என்பதற்கு மாணவர் நல மையத்தில் கவுன்சலர் இருப்பார். இந்த வாரமே போ. தூக்கம் போனால் முடிவெடுக்கிற புத்தியும் கூடவே போகும்.

திரும்பி வருவது குற்றமில்லை. ஆனால் ஒரு நாள் கோபத்தில் பதிவை விட்டுவிட்டு நிற்காதே. சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் சொல்லாமல் நிறுத்தினால் விசா நிலை உடனே கெடும். அவர்கள் அனுமதியோடு விலகினால் கிளம்ப 15 நாள் கிடைக்கும். பல இடங்களில் பிஎச்.டி.யை விட்டாலும் எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறலாம். அப்படி முடித்தால் 60 நாள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்தால் ஒரு வருஷம் அங்கே வேலை பார்க்க அனுமதியும் கிடைக்கும், அறிவியல் பாடம் என்றால் அதற்கு மேல் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம்.

நெல்லையப்பர் தேர் ரதவீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பாய். நேராக ஓடுகிற நேரத்தைவிட, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற நேரம் அதிகம். கூட்டத்தில் யாரும் அதைத் தேர் நின்றுவிட்டது என்று சொல்வதில்லை. வீட்டில் சொல்லிவிடு. வாப்பாவிடம் முடியாவிட்டால் உம்மாவிடம்.

இனிமேல் போகப்போகிறவர்களுக்கு, இதே இடத்தில் ஒரு வார்த்தை. ஊர் பெயரையும் யுனிவர்சிட்டி ரேங்கையும் பார்த்துச் சேராதீர்கள். சேர்வதற்கு முன் அந்த லேபில் இப்போது இருக்கிற மாணவர் ஒருவரிடமும், பாதியில் விட்டுப் போனவர் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். முடிக்க எத்தனை வருஷம் ஆகிறது, முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், கைடை வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்கலாம், ஃபண்டிங் எந்த வருஷம் முடிகிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் தெரு முழுக்க விசாரிக்கிறோமே, இதற்கு ஏன் வெட்கம்? உயிரியல் மாணவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. பல இடங்களில் முதல் வருஷம் மூன்று லேபில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டுப் பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

*

"மகளுக்கு 24 வயசு. பிஎச்.டி. முடிக்கும்போது 30 ஆயிரும். கல்யாணம் முடிச்சு அனுப்பலாமா, படிச்சிட்டு வரட்டுமா?"
- ஒரு தாயார், சேரன்மகாதேவி

அக்கா, இதை என்னிடம் கேட்டதற்குப் பதில் மகளிடம் கேட்டிருக்கலாம். நான் 31 வயசில் கல்யாணம் செய்துகொண்டேன், ஒன்றும் குடி முழுகவில்லை.

ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் மாணவியின் கணவருக்குக் கிடைக்கும் விசாவில் அவர் வேலை பார்க்க முடியாது. ஐந்தாறு வருஷம் வீட்டில் சமைத்துப் போட்டுச் சந்தோஷமாக இருக்கிற மாப்பிள்ளை சேரன்மகாதேவிப் பக்கம் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், பார்க்க ஆசை. ஜெர்மனியில் துணையாகப் போகிறவர் வேலை பார்க்கலாம்.

*

"ஜே.ஆர்.எஃப். பாஸ் பண்ணிட்டேன். இருந்தாலும் வெளிநாடுதான் போகணுமா?"
- ஒரு வாசகர், வள்ளியூர்

யார் சொன்னது? இந்தியாவிலேயே ஆராய்ச்சி செய்யக் கொடுக்கிற ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கையில் இருக்கிறது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடத்தில் நல்ல கைடு அமைந்தால், வெளியே சுமாரான கைடிடம் போவதைவிட இது மேல். உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவியோ ஆளோ அங்கேதான் உண்டு என்றால் போங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டான் என்பதற்காகப் போக வேண்டாம்.

*

"முதல் தடவை போறேன். சூட்கேஸில் என்ன கொண்டுபோகலாம்? அல்வா கொண்டுபோகலாமா?"
- ஒரு மாணவர், பேட்டை

அரிசி, பருப்பு, பிரஷர் குக்கர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். தேங்காய்ப்பால் டப்பாவில் வரும், அதில் சொதி வைத்தால் ஏதோ ஒரு மாதிரி இருக்கும், பழகிக்கொள்வாய். ஊறுகாயைச் சட்டைகளோடு வைக்காதே. 1991இல் நான் வைத்தேன், முதல் செமஸ்டர் முழுக்க என் ஸ்வெட்டரில் நார்த்தங்காய் வாசம். ஒரிஜினல் சர்டிபிகேட், ஐ-20, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம்.

அல்வா தாராளமாகக் கொண்டுபோ. கால் கிலோ உன் டிபார்ட்மெண்ட் ஆபீஸ் அம்மாவுக்கு. உன் சம்பளத் தாளை நகர்த்துவது அவர்தான்.